“ஏன் நர்ஸ் ஆனீர்கள்?” என்று மட்டும் கேட்காதே

முதலாண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: “சார், வேலையில் இருக்கும் ஒரு நர்ஸைப் பேட்டி எடுத்து எழுதி வரச் சொல்லி அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள். யாரிடம் போவது, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நெட்டில் தேடி இருபது கேள்விகள் எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அப்பா வேறு, ‘சம்பளம் எவ்வளவு, நைட் டூட்டி எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு வா, அதை வைத்துத்தான் நீ இந்தப் படிப்பைத் தொடர்வதா என்று முடிவு செய்யணும்’ என்கிறார்.”

இருபதையும் படித்தேன் அம்மா. “இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?”, “ஒரு நல்ல செவிலியருக்கு வேண்டிய குணங்கள் யாவை?”, “வருங்கால மாணவிகளுக்கு உங்கள் அறிவுரை என்ன?” இவற்றுக்கெல்லாம் என்ன பதில் வரும் என்று உனக்கே தெரியும். சேவை மனப்பான்மை, பொறுமை, கனிவு, அர்ப்பணிப்பு. வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடலாம், பஸ் காசாவது மிச்சம்.

குறை அந்த சிஸ்டரிடம் இல்லை. மேடைக் கேள்வி கேட்டால் மேடைப் பதில்தான் வரும். அவருக்கு வார்டில் அப்படிப் பேச நேரமும் கிடையாது, அப்படி யாரும் பேசுவதும் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் இதே அசைன்மென்டோடு ஒரு மாணவி என்னிடம் வந்தாள். ஒரு தடவை போய்ப் பேட்டி எடுத்துவிட்டு, ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் எழுத எதுவும் இல்லை என்று அழாத குறையாக நின்றாள். அவளிடம் சொன்னேன்: “திரும்பப் போ. ஒரே ஒரு கேள்வி கேள். கடைசியாகப் பார்த்த நைட் டூட்டியில், உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வந்த வரைக்கும் என்னென்ன செய்தீர்கள் என்று மட்டும் கேள். நடுவில் அவர் நிறுத்தினால் ‘அப்புறம்?’ என்று சொல்.” ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

அதில் ஒரு இடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரவு மூன்று மணி வாக்கில் அந்த சிஸ்டர் வார்டைச் சுற்றி வருகிறார். மறுநாள் நடக்கவிருந்த கால் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருந்த ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, நன்றாகத் தூங்குவது போலத்தான் படுத்திருக்கிறார். நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிடக் குனிந்தால் கையில் ஈரம் படுகிறது. சட்டை முழுக்க வியர்வை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் முனகல்தான். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46, ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொன்னபடி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸை, அதாவது குளுக்கோஸ் கரைசலை, நரம்பில் ஏற்றி, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, எல்லாவற்றையும் நேரம் போட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார். காலையில் அந்தப் பெரியவர் எழுந்து, “ராத்திரி யாரோ சட்டையை மாத்திட்டாங்க” என்று சண்டை பிடித்தாராம்.

அந்த சிஸ்டர் இதை ஒரு சாதனையாகச் சொல்லவில்லை. “அப்புறம் ரவுண்ட்ஸ் போனேன், ஒருத்தருக்கு சுகர் இறங்கியிருந்துச்சு, பார்த்தேன்” என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறார். இவள் விடவில்லை. “எப்படித் தெரிஞ்சுது சிஸ்டர்?” என்று கேட்டதால்தான் போர்வையும் வியர்வையும் வெளியே வந்தன. கவனிப்பு என்று உன் நர்சிங் ஃபவுண்டேஷன்ஸ் புத்தகத்தில் ஒரு தலைப்பு இருக்குமே, அது ராத்திரி மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்பது அந்த ஒரு பதிலில் இருந்தது.

சரி, யாரிடம் போவது? ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது என்றால் அவரே இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பார். முப்பது வருடம் ஆன நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மரியாதைக்குரியவர், ஆனால் அவர் ஊசி போட்டுப் பல காலம் ஆகியிருக்கும், பேச்சு நிர்வாகப் பக்கம் போய்விடும். ஐந்திலிருந்து பத்து வருடம் வார்டில் இருப்பவர் கிடைத்தால் விடாதே. கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் அவருக்கு நினைவிருக்கும், வார்டில் என்ன நடக்கிறது என்பதும் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. நர்ஸ்தான் வேண்டும் என்று எல்லோரும் ஓடுகிறீர்கள். உன் ஊர் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருப்பார். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையோடு இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்களும் இருக்கிறார்கள். டயாலிசிஸ் பிரிவில் இருப்பவரிடம் கேட்டால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே முகங்களைப் பல வருடம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்வார். இவர்களில் ஒருவரிடம் போனால் வகுப்பில் மற்றவர்கள் எழுதாததை நீ எழுதுவாய்.

எப்போது போவது என்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் காலை 7 மணி, மதியம் 1 மணி, இரவு 7 மணி என்று டூட்டி மாறும். அந்த நேரத்தில் போய் நிற்காதே. ஒவ்வொரு படுக்கையாகப் போய், என்ன மருந்து போயிருக்கிறது, எது பாக்கி, எந்த ரிப்போர்ட் வரவில்லை என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் வாங்கிக்கொள்ளும் நேரம் அது. நடுவில் நீ நோட்டோடு நின்றால் அவர் மனதில் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் வாயில் எரிச்சல் வரும். நைட் முடித்து வருபவரைப் பிடிக்கவே பிடிக்காதே, அவருக்கு அப்போது வேண்டியது தூக்கம். ஆஃப் நாளில், அவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் நேரத்தில் போ. முக்கால் மணி நேரம் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடு. ஆஸ்பத்திரிக்குள்ளேயே பேசுவதாக இருந்தால் கல்லூரிக் கடிதத்தோடு நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் அனுமதி வாங்கிக்கொள். தோழிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகாதே. நாலு பேர் முன்னால் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

கேள்விகளைப் பேச்சுத் தமிழிலேயே தயார் செய்துகொள். “நேத்து டூட்டிக்குள்ள போனதும் முதல்ல எதைப் பாத்தீங்க சிஸ்டர்?” என்பதில் ஆரம்பி. “டாக்டரைக் கூப்பிடலாமா வேணாமான்னு யோசிச்ச நேரம் ஏதாவது உண்டா?” என்று கேள். அனுபவம் உள்ள எவருக்கும் இதற்கு ஒரு பதில் இருக்கும், அது சும்மா இரண்டு வரியில் முடியாது. “பையில என்னென்ன வெச்சிருப்பீங்க?” என்று கேட்டுப் பார். இது நான் வேண்டுமென்றே சொல்லும் கேள்வி. இரண்டு கலர் பேனா, ஒரு சின்ன கத்தரி, பிளாஸ்டர் சுருள், மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒரு துண்டு நோட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அந்த நோட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டால் அரை மணி நேரப் பேச்சு அதிலேயே இருக்கிறது.

“இப்போ திரும்பக் காலேஜ் போனா எந்தப் பாடத்தை ஒழுங்காப் படிப்பீங்க?” என்பதை விட்டுவிடாதே. நான் கேட்ட பலர் சொன்னது மருந்துக் கணக்கு. 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், அந்த டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை? பரீட்சையில் 21 என்று எழுதி மார்க் வாங்கிவிடலாம். பக்கத்தில் நோயாளியின் மகன் “இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்” என்று நச்சரிக்க, இன்னொரு படுக்கையிலிருந்து கூப்பிட, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுவது வேறு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து ‘சரி’களை மனப்பாடம் செய்கிறீர்கள் அல்லவா? ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேள்.

தவறு செய்த அனுபவம் உண்டா என்று நேரடியாகக் கேட்காதே. முகம் சுருங்கிவிடும், அப்புறம் எந்தப் பதிலும் வராது. “புதுசா வர்றவங்க எந்த இடத்துல தப்பு பண்ணுவாங்க?” என்று கேட்டால், தன்னுடையதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

நோயாளி விஷயத்தில் மட்டும் கறாராக இரு. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். பெயரை எடுத்துவிட்டு ‘போன தீபாவளிக்குப் பட்டாசு வெடித்துக் கண் போன எங்கள் தெருப் பையன்’ என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். சிஸ்டரின் பெயரைப் போடலாமா, குரலைப் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் போட்டுவிடு, மேஜை மேல் கவிழ்த்து வைக்காதே.

இனி உன் அப்பாவுக்கு. நீ இதைக் காட்டுவாய் என்று தெரியும்.

ஐயா, உங்கள் கேள்விகள் இரண்டும் நியாயமானவை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் “உங்க சம்பளம் எவ்வளவு” என்று கேட்கச் சொல்லிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். “புதுசா சேர்றவங்களுக்கு இந்த ஊர்ல கையில எவ்வளவு வரும்?” என்று கேட்கட்டும், உண்மையான எண் அதில் வந்துவிடும். கூடவே, இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று சேரும்போது பத்திரம் எழுதி வாங்குகிறார்களா, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கிறார்களா, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையும் கேட்கட்டும். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவு போட்டு, அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கும் இடங்கள் நிறைய. உங்கள் ஊரில் நிலவரம் என்ன என்பதை வேலையில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும். தேர்வானதும் முதலில் தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரு மொத்தத் தொகை; நிரந்தரக் காலியிடம் வரும்போதுதான் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர அரசு ஊழியருக்கான சம்பளம். எத்தனை வருடம் காத்திருந்தார் என்று அப்படி உள்ளே போனவரிடமே கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஆசை இருந்தால் பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்னும் நர்ஸ் உரிமத் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தயாரிப்பு உண்டு. ஏஜென்ட் கையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

நைட் டூட்டி உண்டு ஐயா. முதல் சில வருடங்களில் அதைத் தவிர்க்க முடியாது, முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி அனுப்புகிறார்களா, வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டலா, தனியாக ஒருவரை வார்டில் விடுகிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைப் பார்த்து இடத்தைத் தேர்வு செய்யலாம். ஒரே ஒரு நர்ஸின் பதிலை வைத்து நான்கு வருடப் படிப்பை நிறுத்துவதா என்று மட்டும் யோசியுங்கள். அவருக்கு அன்று என்ன மனநிலையோ.

மறுபடி உனக்கு அம்மா. வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே எழுதிவிடு. இரண்டு நாள் கழித்து எழுதினால் அவருடைய பேச்சு போய்விடும், உன் கட்டுரைத் தமிழ்தான் மிஞ்சும். “போர்த்திவிடக் குனிஞ்சேன், கை நனைஞ்சுது” என்று அவர் சொல்லியிருந்தால் அப்படியே போடு. ‘தியாகத்தின் திருவுருவமாகத் திகழ்கிறார்’ என்று ஒரு வரி கைதானாக வரும், அடித்துவிடு. முதல் பக்கம், தலைப்பு, கல்லூரிப் பெயர் எல்லாம் உங்கள் மேடம் சொன்னபடி. நடுவில் அவர் சொன்ன ஒரு சம்பவத்தை எடுத்து, அதில் எந்தெந்த இடம் வகுப்பில் படித்ததோடு ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று ஒரு பக்கம் எழுது. ஒத்துப்போகாத இடத்தை மறைக்காதே. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று புத்தகம் சொல்லும். அவர் நேற்று இரவு எத்தனை பேரைப் பார்த்தார் என்பது உன் நோட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வை, போதும்.

சமர்ப்பிப்பதற்கு முன்னால் ஒரு பிரதியை அந்த சிஸ்டருக்குப் படிக்கக் கொடு. மருந்துப் பெயரில் ஒரு எழுத்து, அளவில் ஒரு புள்ளி எங்காவது தப்பியிருக்கும், அவர் கண்ணில் அது தப்பாது. சிவப்புப் பேனாவில் திருத்திக் கொடுப்பார், அந்த இரண்டு கலர் பேனாவில் ஒன்று. அந்தத் தாளையும் பின்னால் சேர்த்துக் கட்டிக் கொடு. மார்க் போடும் மேடம் முதலில் புரட்டப் போவது அதைத்தான்.