பத்து மாதப் பிள்ளையின் மூக்கில் கண்ணாடி நிற்கவில்லை

கேள்வி: எங்கள் மகளுக்குப் பத்து மாதம். இடது கண் அடிக்கடி மூக்குப் பக்கம் திரும்புவதைக் கண்டு கண் வைத்தியரிடம் காட்டினோம். மருந்து விட்டுப் பார்த்து, வலது கண்ணுக்கு பிளஸ் 5.5, இடது கண்ணுக்கு பிளஸ் 6.5 என்று கண்ணாடி எழுதித் தந்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டுமாம். கடையில், "கொஞ்சம் பெரிசா எடுத்தா ரெண்டு வருசம் பாவிக்கலாம்" என்று ஒரு பிளாஸ்டிக் பிரேம் தந்தார்கள் (காதுக் கம்பியின் உள்பக்கம் 42, 16, 120 என்று எழுதியிருக்கிறது). போட்ட கையோடு மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அவளும் இழுத்து எடுத்து வாயில் வைக்கிறாள். எலாஸ்டிக் வைத்துக் கட்டலாமா? மாமி, "மூன்று வயது வரை விட்டுப் பார்ப்போம், இப்பவே போட்டால் கண் உள்ளே போய்விடும்" என்கிறார். பேசத் தெரியாத பிள்ளைக்குப் பவர் எப்படித் தெரியும் என்றும் கேட்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் அடைப்புக்குள் எழுதியிருக்கும் அந்த மூன்று எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 42 என்பது ஒரு வில்லையின் அகலம். 16 என்பது இரண்டு வில்லைகளுக்கும் நடுவே மூக்கின் மேல் வரும் இடைவெளி. 120 காதுக் கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர். முதல் இரண்டையும் கூட்டினால் 58 வருகிறது அல்லவா, அதுதான் ஒரு வில்லையின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை உள்ள தூரம். பத்து மாதப் பிள்ளையின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் பெரும்பாலும் 40 முதல் 46 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அந்தப் பிரேம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு உரியது. உங்கள் மகள் அதை இழுத்து எறிவதை நான் குழப்படி என்று சொல்ல மாட்டேன்.

வளரும் பிள்ளைக்குச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். சட்டைக்கு அது சரி. கண்ணாடியில் அந்தக் கணக்கு மூன்று விதத்தில் பிழைக்கிறது. பிளஸ் வில்லை நடுவில் தடித்தது. பிரேம் பெரிதாகும்போது வில்லையும் பெரிதாகிறது, நடுப்பகுதி இன்னும் தடிக்கிறது, பாரமெல்லாம் முன்னால் சேர்ந்து கண்ணாடி தானாகவே கீழே இறங்கும். இரண்டாவது, வில்லையின் நடு கண்மணிக்கு நேரே வர வேண்டும். வராவிட்டால் வில்லை ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும். பிளஸ் 6 வில்லை அரை சென்டிமீட்டர் விலகினாலே மூன்று பிரிசம் (ஒளி திரும்புவதை அளக்கும் அலகு) அளவு திரும்பிவிடும். கண் திரும்புகிறது என்று கண்ணாடி போடும் பிள்ளைக்கு, கணக்கில் இல்லாத இந்தத் தொல்லை வேறு எதற்கு? மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கண்ணாடி கீழே இறங்கினால் பிள்ளை வில்லைக்கு மேலால் பார்க்கப் பழகிக்கொள்வாள். இறங்குவதால் பவர் மாறிவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். உங்கள் மகளின் பவரில் அந்த மாற்றம் சிறியது. வில்லைக்கு மேலால் பார்த்தாலோ கண்ணாடி போட்டும் போடாத கணக்குத்தான்.

ஆகவே முதலில் பிரேமை மாற்றுங்கள், பிறகு பிள்ளையைப் பழக்கலாம்.

காலி வீதியில் கண்ணாடிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கைக்குழந்தைகளுக்கான பிரேம் எல்லாக் கடையிலும் இருக்காது. போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: "ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, இரும்பும் ஆணியும் இல்லாமல் முழுவதும் வளையக்கூடிய சிலிக்கோன் அல்லது மென் பிளாஸ்டிக் பிரேம் இருக்கிறதா? பின்னால் பட்டி போடலாமா?" இல்லை என்றால் அடுத்த கடை. பிள்ளையைக் கூட்டிப் போகாமல் பிரேம் எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு கூட்டிப் போங்கள், அதுவும் பின்னேர நெரிசலில் வேண்டாம்.

கடையில் நீங்களே சில விடயங்களைப் பார்க்கலாம். பிரேமின் முதல் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை, பிள்ளையின் கண்மணித் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கடைக்காரர் அளந்துதான் ஆக வேண்டும். அளக்காமல் கண்மட்டத்தில் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு மூக்குத் தண்டு இன்னும் எழும்பவில்லை, தட்டையாகத்தான் இருக்கும். பெரியவர்களின் பிரேமில் வரும் இரண்டு சின்ன மூக்குப் பட்டைகளுக்கு அங்கே பிடிமானம் கிடையாது. ஆணி கழன்றால் அவை வாய்க்குள்ளும் போகும். மூக்கின் மேல் அகலமாகப் படிந்து உட்காரும் ஒரே துண்டான வளைவுதான் வேண்டும். கன்னத்தில் முட்டக் கூடாது. அவளைச் சிரிக்க வைத்துப் பாருங்கள், கன்னம் உயரும்போது கண்ணாடியும் உயர்ந்தால் அது சரிவராது. இமை முடி வில்லையில் உரசினாலும் அவள் விட்டுவைக்க மாட்டாள். அப்புறம் காதுக் கம்பி. நீளம் கூடினால், அவள் மல்லாக்கப் படுக்கும்போதோ உங்கள் தோளில் சாயும்போதோ கம்பியின் நுனி பின்னால் இடித்து முழுக் கண்ணாடியையும் முன்னே தள்ளும். இந்த வயதில் பாதி நாள் படுக்கையிலும் மடியிலும்தானே போகிறது! அதனால் நின்றபடி மட்டும் பார்க்காமல், மடியில் படுக்க வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

வில்லை பொலிகார்பனேட்டாக இருக்கட்டும், அல்லது அதைப்போல உடைந்து சிதறாத வகையாக. கிளாஸால் செய்த வில்லை வேண்டவே வேண்டாம். பொலிகார்பனேட் லேசில் உடையாது, ஆனால் எளிதில் கீறும், ஆகவே கீறல் தடுக்கும் பூச்சையும் கேட்டு வாங்குங்கள்.

எலாஸ்டிக் கேள்விக்கு வருகிறேன். கட்டலாம், கட்டத்தான் வேண்டும். ஆனால் பொருந்தாத பிரேமை எலாஸ்டிக்கால் இழுத்துப் பிடித்தால் மூக்கிலும் நெற்றிப் பொட்டிலும் அழுத்தும். அடுத்த நாள் கண்ணாடியைக் கண்டாலே அழுவாள். பொருந்தும் பிரேமுக்குப் பட்டி ஒரு துணை மட்டுமே. ஒரு சென்டிமீட்டர் அகலமான மென்மையான பட்டியாக, இரண்டு காதுக் கம்பிகளையும் இணைத்து, தலையின் பின்புறம் புடைத்திருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். உங்கள் ஒரு விரல் சிரமமில்லாமல் உள்ளே போக வேண்டும். தையல் நூல், ரப்பர் பாண்ட் எல்லாம் ஆகாது. தூங்க வைக்கும்போது பட்டியோடு கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தூக்கத்தில் பட்டி கழுத்துக்கு இறங்கினால் ஆபத்து. தொட்டிலுக்குள் அதை வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம்.

கொழும்பு வெக்கைக்கு இன்னும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. குளிப்பாட்டியதும் முகத்தில் பவுடர் அப்புவது, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுவது, பெரிய மைப் பொட்டு வைப்பது எல்லாம் கண்ணாடிக்குச் சறுக்குமரம். உடம்புக்குச் செய்வதைச் செய்யுங்கள், மூக்கையும் கன்னத்தையும் மட்டும் விட்டுவிடுங்கள். வியர்வையால் காதின் பின்னாலும் மூக்கிலும் வேர்க்குரு வரும். நாளில் இரண்டு மூன்று தடவை ஈரத் துணியால் பிரேமையும் தோலையும் துடைத்து உலர வையுங்கள். மெல்லிய சிவப்பு அடையாளம் கழற்றிய கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டாலோ தோல் உரிந்தாலோ கடைக்குக் கொண்டுபோய்த் திருத்துங்கள். வில்லையைக் குழாய்த் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டுக் கழுவிப் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுங்கள். சேலைத் தலைப்பால் உலர்வாகத் துடைக்கும் பழக்கம் வில்லைக்குக் கூடாது.

பழக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்து வயிறு நிறைந்து நல்ல குணத்தில் இருக்கும்போது போடுங்கள். போட்ட உடனே இரண்டு கையிலும் ஏதாவது கொடுங்கள், கிட்டத்தில் பார்க்கிற பொருளாக. கிலுக்கு, கரண்டி, உங்கள் முகமே கூடப் போதும். இவளுடைய பவருக்குக் கிட்டப் பார்ப்பதுதான் அதிகக் கஷ்டம். கண்ணாடியோடு அது இலகுவாகும்போது அவளே விட்டுவைப்பாள். கழற்றினால் சிரிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். சும்மா திரும்பப் போடுங்கள். சிரித்தால் அது விளையாட்டாகிவிடும், பிறகு நாள் முழுக்க அதே விளையாட்டுத்தான். தொடர்ந்து இரண்டு மூன்று தடவை கழற்றினால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். கையைக் கட்டுவது, முழங்கை மடங்காமல் துணி சுற்றுவது எல்லாம் உங்கள் வைத்தியர் சொன்னாலொழிய வேண்டாம். பொருந்தும் கண்ணாடி என்றால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு வாரத்தில் பழகிவிடுவார்கள். வீட்டில் கண்ணாடி போடுகிறவர் மாமி என்றால் அவரையே போட்டுவிடச் சொல்லுங்கள். தன்னைப்போல் இன்னொருவர் போட்டிருப்பது பிள்ளைக்குப் பிடிக்கும், மாமிக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி.

பிரேம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று வாரமாக மறுத்தால், அல்லது எப்போதும் மேலால்தான் பார்த்தால், பவரை மறுபடி சரிபார்க்க வேண்டும். கடையில் வில்லையை மாற்றிப் பொருத்தியிருக்கவும் கூடும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகளின் கண் தானே குவிக்கும் தசையை முறுக்கிப் பார்த்துப் பழகியிருப்பதால், கண்ணாடி முதலில் மங்கலாகத் தெரியும். அப்படியானால் வைத்தியர் கொஞ்ச நாளுக்கு அட்ரோபின் என்ற கண் மருந்தை எழுதிக் கொடுக்கலாம். அது கண்ணின் குவிக்கும் தசையைத் தளர்த்தி, கண்ணாடியை ஏற்க வைக்கும். அவர் எழுதாமல் நீங்களாகப் பார்மசியில் வாங்கி விடாதீர்கள். அளவு கூடினால் முகம் சிவந்து காய்ச்சல் வரும்.

இனி மாமியின் கேள்விகள். பேசாத பிள்ளையின் பவர் எப்படித் தெரியும் என்பது நல்ல கேள்விதான். மருந்து விட்டதும் குவிக்கும் தசை ஓய்ந்துவிடும். வைத்தியர் ஒரு கோட்டு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அசைத்து, உள்ளிருந்து திரும்பி வரும் சிவப்பு ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். முன்னால் வில்லைகளைப் பிடித்து அந்த நகர்வு நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். பிள்ளை ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. கைக்குழந்தைகளுக்குச் சிறிய பிளஸ் பவர் இருப்பது இயல்பு, அதற்கு யாரும் கண்ணாடி போடுவதில்லை. இவளுடையது அந்த அளவைத் தாண்டிவிட்டது, கண்ணும் திரும்புகிறது.

கண் உள்ளே போகாது. பிளஸ் வில்லைக்குப் பின்னால் கண் பெரிதாகத் தெரியும், கழற்றினால் சிறிதாகத் தெரியும். அந்த வித்தியாசத்தைத்தான் உள்ளே போய்விட்டது என்கிறார்கள். கண்ணாடி போடுவதால் பவர் ஏறவும் செய்யாது. இன்னொன்று உங்களைப் பயமுறுத்தலாம், முன்பே சொல்லிவிடுகிறேன்: சில வாரம் போட்டபின், கழற்றும்போது வாக்குக்கண் முன்பைவிட அதிகமாகத் தெரியும். தெளிவாகப் பார்க்கப் பழகியவள் வெறுங்கண்ணிலும் அதற்காகத் தசையை முறுக்குகிறாள், அப்போது கண்ணும் மூக்குப் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான். கண்ணாடியோடு கண் நேராக நிற்கிறதா என்பதையே கவனியுங்கள்.

மூன்று வயது வரை காத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பார்வையை மூளை கற்றுக்கொள்வது பிறந்த முதல் சில வருடங்களில்தான் வேகமாக நடக்கிறது, ஏறத்தாழ ஏழு எட்டு வயதோடு அது மந்தமாகிவிடும். இடது கண்ணுக்குப் பவரும் கூட, திரும்புவதும் அதுதான். இப்படியே விட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கத் தொடங்கும். அதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுப் பார்வைக்கு வருவது கடினம்.

கண்மணியில் வெள்ளையாக ஏதும் தெரிந்தால், கண் ஆடிக்கொண்டே இருந்தால், வெளிச்சத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டால், தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள். பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. மற்றபடி புதுக் கண்ணாடி போட்டு நாலு முதல் ஆறு வாரத்தில் உங்கள் கண் வைத்தியரிடம் காட்டுங்கள், கண்ணாடியைப் போட்டபடியே. முதல் இரண்டு வருடமும் சில மாதங்களுக்கு ஒருமுறை பவரும் முகத்தின் அளவும் மாறும், பிரேமையும் மாற்ற வேண்டி வரும். இப்போது வாங்கிய 42 பிரேமை எறிய வேண்டாம், அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வேறு வில்லை போட்டுக்கொள்ளலாம். புதிதாக எடுப்பது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இன்றைய முகத்துக்கு எடுங்கள். முடிந்தால் அதே பவரில் இரண்டாவது ஒன்றும் வைத்திருங்கள். கண்ணாடி உடைந்து கடையில் கிடக்கும் நாட்களில் அவள் பழகியதெல்லாம் மறந்துவிடுகிறது.