தோல் ஜாக்கெட்டில் வெள்ளைப் படலம்: ஊற வைக்காதீர்கள்

பிளாஸ்டிக் உறையில் மாதக்கணக்கில் கிடந்த தோல் ஜாக்கெட்டில் வெள்ளைப் படலம், சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஊறினால் தோலின் எண்ணெய்ப்பசை போய், காய்ந்ததும் விறைத்துவிடும்.

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்துச் சில நொடிகள் காட்டுங்கள். படலம் உருகி மறைந்தால், அது தோலுக்குள்ளிருந்து கசிந்த கொழுப்பு. மென்துணியால் துடைத்தாலே போதும். மறையாமல், பூசண வாடையும் அடித்தால் பூஞ்சைதான்.

அப்படியானால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் அணிந்துகொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். இது சாயத்தையும் கரைக்கக்கூடியது. அதனால் காலரின் உள்மடிப்பில் முதலில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். ஸ்வேட் தோலாக (மேற்பரப்பு வெல்வெட் போலச் சொரசொரப்பாக இருக்கும் தோல்) இருந்தால் பிரஷ்ஷோடு சரி, மீதியைத் தோல் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

காற்றோட்டமான நிழலில் உலரட்டும். உள் துணியை வெளிப்புறமாகத் திருப்பியும் காய வையுங்கள், வாடை பெரும்பாலும் அங்கேதான் தங்கும். நன்றாகக் காய்ந்தபின் லெதர் கண்டிஷனரை மெல்லியதாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாளடைவில் சிக்கு நாற்றம் வந்துவிடும். இனிமேல் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் பருத்தித் துணி உறைக்கு மாறுங்கள்.