பைக்கின் பெட்ரோல் டேங்குக்கு அடியில் வயர்கள் சிக்கலாகக் கிடக்கின்றன. நானே கட்டி ஒழுங்குபடுத்தலாமா?

டேங்கைக் கழற்றினேன், உள்ளே கறுப்பு டேப் பிரிந்து வயரெல்லாம் குருவிக்கூடு மாதிரி கிடக்கிறது, நானே கட்டலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியில் குறை ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் பிடிக்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

தாராளமாகக் கட்டலாம். ஆனால் நான் கட்டிய அழகில் வண்டி நடுரோட்டில் நின்றது. அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. 'தெரியாதவன் கை வைத்தால் இப்படித்தான் ஆகும்' என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு எழுதுங்கள். தெரிந்தவர்கள் கை வைத்த வண்டியைத்தான் நான் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் அலாரம் ஒன்று மாட்டி, பிறகு கழற்றியிருக்கிறார். கழற்றியவர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வயரை அப்படியே வெட்டி விட்டுப் போயிருந்தார். டேங்கைத் தூக்கியபோது மூன்று இடத்தில் வயரின் தோலை உரித்து, இன்னொன்றை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. இன்ஜின் சூட்டில் சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை இளகிவிடும். தொட்டால் கரும்பாகு மாதிரி விரலில் இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு முறுக்கைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பேறி, நாலைந்து இழைதான் மிச்சம். சாவி சுவிட்சிலிருந்து இக்னிஷனுக்குப் போகும் வயர் அது. அந்த நாலு இழையில்தான் அத்தனை நாளும் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதையெல்லாம் சரி செய்தேன். இதுவரை நான் செய்ததில் தப்பே இல்லை, இப்போதும் சொல்வேன். அடுத்து செய்ததுதான் வினை. மொத்தக் கட்டையும் ஃபிரேம் குழாயோடு சேர்த்து, நாலு விரற்கடைக்கு ஒரு கேபிள் டை (வயரைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு, இறுக்கி இழுத்து, வால்களெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினேன். முன்னால், ஹேண்டில் தண்டுக்குப் பக்கத்தில் வயர் கொஞ்சம் தொளதொளவென்று வளைந்து கிடந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அதையும் பின்னால் இழுத்து நேராக்கிவிட்டேன். போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "இது மேல மறுபடியும் டேங்க்கைப் போட்டு மூடத்தானே போறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள், யு டர்ன் எடுக்க ஹேண்டிலை வலது பக்கம் முழுசாக ஒடித்தேன். இன்ஜின் செத்தது. ஹார்ன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, எதுவும் இல்லை. நேராக்கினால் உயிர் வந்தது, ஒடித்தால் போனது. வண்டியை நிறுத்தும்போது நான் எப்போதும் இடது பக்கம் ஒடித்துத்தான் பூட்டுவேன், அதனால் வலது பக்கத்தை அதுவரை யாரும் சோதிக்கவில்லை. தள்ளிக்கொண்டு போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர் டேங்கைத் தூக்கினார், ஒரு நிமிடம் பார்த்தார். "வயர் என்ன கைதியா சார், இப்படி விலங்கு மாட்டியிருக்கீங்க?" நான் நேராக்கிய அந்த இடத்தில் வயர் விறைத்துப்போய், சாவி சுவிட்சின் கப்ளருக்குள்ளிருந்து, அதாவது வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளிருந்து, ஒரு பின் பாதி வெளியே வந்திருந்தது. பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவரும் கடைசியில் அதே சாதா டேப்பைத்தான் சுற்றிக் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

அந்தத் தொளதொளப்பு கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்றே விட்டது. ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அங்கே வயர் வளைகிறது. நீளமாக விட்டிருந்தால் வளைவு முழு நீளத்துக்கும் பரவும். வளைவின் மேலேயே டை போட்டால் ஒரே புள்ளியில் மடிந்து மடிந்து உள்ளே செம்பு இழை இழையாக அறும். மேல்தோல் அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் எதையும் கட்ட வேண்டும். டையை விரலால் தள்ளினால் நகர வேண்டும், அந்த இறுக்கம் போதும். வாலை ஒட்ட வெட்டுங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் கத்தி மாதிரி கிழிக்கும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். எதையும் தொடும் முன் போட்டோ எடுங்கள். சாதா டேப்புக்குப் பதில் ஹார்னஸுக்கென்றே, அதாவது வண்டியின் வயர் கட்டுக்கென்றே வரும் துணி டேப் வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் தடித்த வயரை மற்ற கட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள், சென்சார் வயர்களுக்கு அது தொந்தரவு தரும். டேங்கை முன்னால் தள்ளி ரப்பர் புஷ்ஷில் மாட்டும்போது வயர் நடுவில் நசுங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். உங்களுடையது எஃப்ஐ வண்டியென்றால் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பம்ப் வைத்துப் பீய்ச்சும் வகை) பெட்ரோல் டியூபில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், அப்படியே பிடுங்கினால் முகத்தில் அடிக்கும். பேட்டரியைக் கழற்றும் முன்பே பம்பின் கப்ளரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிறகு துணி சுற்றிக் கழற்றுங்கள்.

இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்ற வைக்கலாமா என்றால், நான் கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வயரை விட்டு நசுக்கி இணைப்பது), மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துவிடும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். ஈயம் வைத்தே பல வருடமாக ஓட்டுகிறேன் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. அசையாதபடி தாங்கிக் கட்டியிருந்தால் நிற்கும்தான்.

சுற்றி மூடும் முன் மல்டிமீட்டரால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரி பிளஸுக்கும் பல்பின் பிளஸுக்கும் நடுவே அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வழியில் ஏதோ சுவிட்சிலோ கப்ளரிலோ களிம்பு. ஆனால் மீட்டரை யாருக்காவது இரவல் கொடுத்திருந்தால் முதலில் சிவப்பு வயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். என் மச்சான் வாங்கிக்கொண்டு போய் கரண்ட் அளக்கும் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியபடியே திருப்பிக் கொடுத்தார். அது தெரியாமல் பேட்டரியில் வைத்தேன், நேராக ஷார்ட். பொறி பறந்து ஊசி முனை உருகிவிட்டது. கேட்டால், "நான் கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு மாப்ள" என்கிறார். ஸ்பேனர் செட்டில் 10-ஆம் நம்பரும் அவரிடம்தான் இருக்கிறது, அதையும் இல்லை என்கிறார். சரி, அதை விடுங்கள்.

எங்கேயும் சேராமல் ஒரு வெள்ளைக் கப்ளர் சும்மா தொங்குகிறது, வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெட்டாதீர்கள். ஒரே ஹார்னஸை இரண்டு மூன்று மாடலுக்குப் போடுவார்கள், உங்கள் மாடலில் இல்லாத ஏதோ ஒன்றுக்கான கப்ளராக இருக்கலாம். அதில் கரண்ட் வந்துகொண்டும் இருக்கலாம். வாயில் டேப் சுற்றி, ஈரம் படாமல் பக்கத்துக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.