சாண்டியாகோ – பியூனஸ் அயர்ஸ்: வான்வழியில் எவ்வளவு தூரம்?

கேள்வி: சார், சிலியின் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸுக்கு ஓரிடத்தில் 1,400 கி.மீ. என்கிறார்கள், இன்னோரிடத்தில் 1,140. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். 1,400 சாலைத் தூரம். 1,140 என்பது எசெய்சா விமான நிலையம் வரை பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய கோடு. வான்பாதை வளைந்து போவதால் விமானம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும்.

கேள்வி: ஜூலைக்கு டிக்கெட் போட்டேன். போக மூன்று மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம் போலக் காட்டுகிறது. தப்பா?

பதில்: தப்பில்லை. ஜூலை அங்கே குளிர்காலம். அப்போது அர்ஜென்டினா கடிகாரம் சிலியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். உண்மையில் திரும்பும் பயணம்தான் நீளம், மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து வர வேண்டுமே!

கேள்வி: காற்று அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: இந்த வழித்தடத்தில் ரொம்பப் பெரிய விஷயம். 1947 ஆகஸ்ட் 2 அன்று 'ஸ்டார் டஸ்ட்' என்ற பிரிட்டிஷ் விமானம் 11 பேருடன் பியூனஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோவுக்குக் கிளம்பியது. மேகத்துக்கு மேலே பறந்ததால் கீழே எதுவும் தெரியவில்லை. கடந்த நேரத்தை வைத்து, நடுவில் நிற்கும் ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டிவிட்டோம் என்று கணக்குப் போட்டு இறங்கியிருக்கிறார்கள். பலத்த எதிர்காற்றில் விமானம் நினைத்ததைவிட மெதுவாகவே நகர்ந்திருந்தது. மலை இன்னும் முன்னால்தான் இருந்தது. டுபுங்காட்டோ சிகரத்தின் பனியில் மோதிப் புதைந்தது. 1998இல்தான் பனியாறு அதன் இன்ஜினை வெளியே தள்ளியது, மலையேறிகள் கண்ணில் பட்டது. அந்தப் பதினோரு பேரின் வீட்டாரும் அரை நூற்றாண்டு எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனத்துப் போகும்.

கேள்வி: சாண்டியாகோவிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில் இருக்கும் மெண்டோசா நகருக்குப் போக பஸ்ஸா, விமானமா?

பதில்: வான்வழியில் சுமார் 195 கி.மீ., ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாலையில் 360 கி.மீ. இருக்கும். சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் சுரங்கப்பாதையைக் கடந்து, எல்லைச் சோதனையும் முடித்துப் போக ஒரு பகல் ஆகிவிடும். கோடையில் பகல் பஸ்ஸில் போங்கள், பார்க்க வேண்டிய வழி. குளிர்காலத்தில் பனி கொட்டினால் கணவாயை மூடிவிடுவார்கள், அப்போது விமானம்தான்.

கேள்வி: அண்ணா, கைக்குழந்தையோடு போகிறேன். ரொம்பக் குலுங்குமா? எந்தப் பக்கம் உட்கார?

பதில்: மலையில் மோதிக் காற்று அலையலையாக எழும்பும், அதனால் குலுங்கலாம். ஆனால் இந்த இடத்தில் ஆண்டிஸ் குறுகலானது, சில நிமிடங்களில் தாண்டிவிடும். பெல்ட் விளக்கு அணையும்வரை பால் புட்டியை எடுக்காதீர்கள். சாண்டியாகோவிலிருந்து போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் 6,961 மீட்டர் உயர அகோன்காகுவா சிகரம் தெரியும். அப்புறம் பனி சட்டென்று முடிந்து, பழுப்பு நிறச் சமவெளி தொடங்கும்.