மூன்று ரூபாய் ஐந்து அணா

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியின் சுதந்திர தின விழாவில் பேசியவர், "1947-ல் நாட்டுக்குக் கடனே இல்லை, அதனால் ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமமாக இருந்தன" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெருமையைக் குலைத்தவர்கள் யார் என்று பெயர் சொல்லத் துணிவு உண்டா?
(தஞ்சாவூர் வாசகர் ஒருவர்)

பதில்: உண்டு. ஆனால் முதலில் கணக்கைத் திருத்த வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது பொய்.

1947-ல் ரூபாய் பிரிட்டனின் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்தால் ஒரு பவுண்டின் விலை 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடி (12 தம்பிடி ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய்). அன்று ஒரு பவுண்டுக்கு 4 டாலர் 3 சென்ட். ஆகவே ஒரு டாலருக்கு மூன்று ரூபாய் ஐந்து அணா. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. மேடையேறுவதற்கு முன் ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

கடன் இல்லாததால் நாணயங்கள் சமமாக இருந்தன என்பதும் தவறு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன்தான் நமக்கு 1,700 கோடி ரூபாய்க்கு மேல் கடன்பட்டிருந்தது. அந்தக் கடன் சேர்ந்த விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிரிட்டன் இங்கே போருக்காக வாங்கிய பொருளுக்கெல்லாம் லண்டனில் பவுண்டுக் கணக்கு எழுதப்பட்டது. இங்கே ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டது. விலைவாசி ஏறியது. 1943-ல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல; இந்த நோட்டுப் பெருக்கமும் அவற்றில் ஒன்று.

அந்த 18 பென்ஸை நிர்ணயித்தது யார் என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஷெர்ஷா சூரி 16-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட வெள்ளி ரூபாய்தான் நம் ரூபாயின் முன்னோடி. அதன் பிறகும் தென்னகம் வராகன், பணம், காசு என்ற நாணயங்களில்தான் கணக்கு எழுதியது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-ல்தான் சென்னை மாகாணத்தில் ரூபாய் அடிப்படை நாணயமானது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று கணக்குத் தீர்த்தார்கள். 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை அடித்தது. எடை 180 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்), அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச் சாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக அடித்து வாங்கலாம். கையில் இருக்கும் வெள்ளிக்கும் பையில் இருக்கும் பணத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லாத காலம் அது.

1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளியை விட்டுத் தங்கத்தை நாணயத்தின் அடிப்படையாக்கின. வெள்ளி விலை சரிந்தது. ஏறக்குறைய 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய், 20 ஆண்டுகளில் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கு வந்தது. இந்திய ஆட்சியை லண்டனிலிருந்து கவனித்த இந்தியா அலுவலகத்தின் செலவு, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்ஷன், ரயில்வே முதலீட்டுக்கு வட்டி என்று ஆண்டுதோறும் இந்தியா பவுண்டில் கட்ட வேண்டியிருந்தது. ரூபாய் சரியச் சரிய, அதே பவுண்டுக்கு அதிக வரிப்பணம் போனது. 1893-ல் அரசு நாணயச் சாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடிவிட்டது. ரூபாயின் மதிப்பு அதிலிருந்த வெள்ளியின் மதிப்பைவிட உயர்ந்தது. கொலுசும் காப்பும்தான் சேமிப்பு என்றிருந்த ஏழைக் குடும்பத்தின் வெள்ளிக்கோ அந்த மதிப்பு கிடைக்காமல் போனது. நாணய வரலாற்றில் இதை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அதன் நடுப்பக்கம்.

பிறகு 1 ஷில்லிங் 4 பென்ஸ். 1927-ல், இந்திய நாணயத்தை ஆராய அமைக்கப்பட்ட ஹில்டன் யங் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆணையத்தில் இருந்த பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் தனிக்குறிப்பு எழுதி எதிர்த்தார். ரூபாயை உயர்த்தினால் இறக்குமதித் துணி மலிவாகும், நம் பருத்திக்கும் சணலுக்கும் ரூபாயில் கிடைப்பது குறையும் என்பதுதான் அவர் பக்கத்து வாதம். அவர் சொன்னது சரி. ரூபாய் 'உயர்ந்து' நின்றது, அடிபட்டவர் உழவர்.

உலக மந்தம் வந்தது. விளைபொருள் விலை பாதியளவுக்கு விழுந்தது. உங்கள் தஞ்சையில் நெல்லும் தப்பவில்லை. நிலவரியையும் வட்டியையும் அதே ரூபாயில்தான் கட்ட வேண்டும். 1931 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டைத் தங்கத்தோடு கட்டுவதைக் கைவிட்டபோது, இந்திய அரசின் ஆட்சேபத்தையும் மீறி லண்டன் அதே 18 பென்ஸில் ரூபாயைப் பவுண்டோடு பூட்டியது. தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. கடனில் மூழ்கிய குடும்பங்கள் நகைகளை விற்றன. அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. 1947-ல் நாம் பெற்றது இந்த ரூபாயைத்தான்.

இனி நீங்கள் கேட்ட பெயர்கள். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கியது. நேரு அரசில் நிதியமைச்சர் ஜான் மத்தாய் ரூபாயையும் அதே அளவு இறக்க, டாலர் 4.76 ரூபாய் ஆனது. நம் வணிகத்தின் பெரும்பகுதி பவுண்டு நாடுகளோடு இருந்தபோது வேறு வழியில்லை என்பது என் கருத்து. 1966 ஜூன் 6, இந்திரா காந்தி பிரதமர், சச்சீந்திர சௌத்ரி நிதியமைச்சர்: 7.50 ரூபாய். இரண்டு போர்கள், வறட்சி, நிறுத்தப்பட்ட வெளிநாட்டு உதவி என்ற நெருக்கடியில் எடுத்த முடிவு. அதுவரை நம் ரிசர்வ் வங்கி அச்சிட்ட தனி ரூபாய் வளைகுடாவில் புழங்கியது. அதைப் பயன்படுத்தி வந்த நாடுகள் பல இதோடு விலகின. 1991 ஜூலையில் நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் இரண்டு நாள் இடைவெளியில் இரு முறை இறக்கினார்கள். சுமார் 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கு அடகுக்குப் போன மாதம் அது. 1993 முதல் விலையைச் சந்தை நிர்ணயிக்கிறது. 3 ரூபாய் சொச்சத்திலிருந்து எண்பதைத் தாண்டியதில் நம் தவறுகளும் உண்டு. அதற்கு எல்லாக் கட்சி அரசுகளும் பொறுப்பு.

ஆனால் இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் மானத்தை அளக்காதீர்கள். 1871-ல் ஜப்பான் யென்னை அறிமுகம் செய்தபோது அது ஏறக்குறைய ஒரு டாலருக்குச் சமம். 1949-ல் ஒரு டாலருக்கு 360 யென் என்று நிர்ணயித்தார்கள். அந்த 360-ஐ வைத்துக்கொண்டுதான் ஜப்பான் உலகத்துக்கே கப்பலும் காரும் விற்றது.

பேசியவர் உங்கள் ஊர்க்காரர் என்றால் நேரில் பாருங்கள். வருகிற குடியரசு தினத்தன்று அதே பிள்ளைகளைக் கரும்பலகை முன் நிறுத்தி 240-ஐ 18-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதிக் கதையை அவர்களே கேட்பார்கள்.