எந்த யோகா வகுப்பில் சேர்வது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 47 வயது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் லேசாகப் பின்பக்கம் பிதுங்கியிருக்கிறது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். யோகா செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் அஷ்டாங்க வின்யாச வகுப்பு ஒன்றும் ஐயங்கார் யோகா வகுப்பு ஒன்றும் இருக்கின்றன. எதில் சேரட்டும்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

ஐயங்கார் வகுப்பில் சேருங்கள்.

இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளைத்தவைதான். அஷ்டாங்க வின்யாசத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ், ஐயங்கார் யோகாவை உருவாக்கிய பி.கே.எஸ். ஐயங்கார் இருவருமே மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்தவர்கள். ஆனால் அஷ்டாங்கத்தில் முதலில் கற்றுத்தரும் ஆசனத் தொடரில், உட்கார்ந்து முன்னால் குனியும் ஆசனங்களே அதிகம். ஒரு காலை மடக்கி, நீட்டிய மறு காலின் மேல் குனியும் ஜானு சீர்ஷாசனம் மட்டுமே மூன்று விதம். நாற்காலியிலேயே இருப்பவர்களுக்குத் தொடையின் பின்தசை பெரும்பாலும் இறுகிக் கிடக்கும். அந்த இறுக்கத்தோடு காலை நீட்டிக் குனிந்தால் இடுப்பெலும்பு முன்னால் சாயாது, வளைவெல்லாம் கீழ்முதுகில் விழும். டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கி, உள்ளிருப்பது பின்னால் தள்ளப்படும். உங்களுக்குப் பிதுங்கியிருப்பதும் அந்தப் பக்கம்தானே. ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு, உடனே அடுத்தது என்ற ஓட்டத்தில் தவறைக் கவனித்துத் திருத்த நேரமும் இருக்காது. உடம்பில் கோளாறில்லாத இளைஞர்களுக்கு அது அருமையான பயிற்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐயங்கார் வகுப்பில் சுவர், பெல்ட், கட்டை, நாற்காலி எல்லாம் துணைக்கு வரும். சுப்த பாதாங்குஷ்டாசனத்தையே பாருங்கள். மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு, மறு பாதத்தில் பெல்ட்டை மாட்டிக் காலை மேலே தூக்க வேண்டும். இடுப்பு தரையைவிட்டு எழும்பத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். கால் பாதி உயரம்தான் வருகிறதா, பரவாயில்லை. அரை நிமிடம் சீரான மூச்சோடு இருங்கள், பிறகு கால் மாற்றுங்கள். முதுகை வளைக்காமலே பின்தசை நீளும். பலரும் காலை நெற்றிவரை இழுக்கப் பார்த்து இதைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பிரஷர் விஷயத்தில் அங்கேயும் கவனம் வேண்டும். சிரசாசனம், சர்வாங்காசனம் இப்போதைக்கு வேண்டாம். நின்று செய்யும் ஆசனங்களில் கையை மேலே தூக்காமல் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் மூச்சை அடக்காதீர்கள். வேகமாக மூச்சுவிடும் பயிற்சிகளான கபாலபாதி, பஸ்திரிகா கூடாது.

முதல் நாளே டிஸ்க்கையும் பிரஷரையும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகும் எல்லோருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொன்னாலோ, குனியும்போது முதுகில் கை வைத்து அழுத்தினாலோ அங்கே தொடர வேண்டாம். தனியாகச் சொல்லிக்கொடுப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் சென்னையில் வளர்த்த முறை அப்படிப்பட்டதுதான்: ஆளைப் பார்த்துப் பாடத்தை அமைப்பார்கள்.

பயிற்சிக்குப் பிறகு தசை வலித்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். வலி காலில் இறங்கினாலோ பாதம் மரத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.