பள்ளிக்கரணைக்கு வரும் வலசை வாத்துகள் மரபணுவில் தனித்தனிக் கூட்டங்களா?

வட ஆசியாவின் வெவ்வேறு ஏரிகளில் பிறந்த ஊசிவால் வாத்துகள் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒன்றாக மேய்கின்றன. அவற்றின் மரபணுவும் ஊருக்கு ஊர் வேறுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை.

காரணம், ஜோடி சேரும் இடம். இந்த வாத்துகள் குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்நிலையிலேயே துணை தேடத் தொடங்கிவிடும். பழுப்பு நிறப் பெண் ஒன்றைச் சுற்றி வெண்கழுத்து ஆண்கள் பல, கழுத்தை நிமிர்த்தி நீந்துவதைப் பார்க்கலாம். அப்புறம் கோடைக்கு முன் பெண் தான் பிறந்த பகுதிக்கே திரும்பப் பார்க்கும். ஆண் வீட்டோடு மாப்பிள்ளையாகக் கூடவே போய்விடும், தன் பிறப்பிடம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும். இப்படி ஆண்டுதோறும் மரபணு கலக்கிறது.

அதனால்தான் சில வாத்து இனங்களில், தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் வட்டார வேறுபாடு தெரிகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவில் அது மிகக் குறைவு. ஊசிவாலில் ஆசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையில்கூட வேறுபாடு சொற்பம். 2022-ல் ராம்சார் தளமான, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட, பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்களை நான் இந்தக் கலப்பு நடக்கும் களமாகவும் பார்க்கிறேன்.

வரித்தலை வாத்து வேறு கதை. அதன் ஜோடி பல ஆண்டு நீடிக்கும், குஞ்சுகளும் பெற்றோருடனேயே வலசை வரும். அங்கே கூட்டங்கள் பிரிந்து நிற்க வாய்ப்பு அதிகம்.